பாங்க் டீமுக்கு ரசிகர்களா என்று கேட்டவருக்கு

கேள்வி இது. ஒருவர் தன் மகனை ஐ.எஸ்.எல். மேட்ச் (2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பால்) பார்க்க நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். மறுநாள் ஆபீஸில் அதைச் சொன்னபோது, வடசென்னையைச் சேர்ந்த ஒரு சீனியர், "நாங்கல்லாம் சின்ன வயசுல இதே எடத்துல பாங்க் டீமைப் பார்க்கப் போவோம்" என்றாராம். வங்கிக்கு எதற்கு ஃபுட்பால் டீம், அதற்கு ரசிகர்கள் வேறா, 2014க்கு முன்னால் சென்னையில் கிளப் ஃபுட்பால் என்று ஒன்று உண்மையிலேயே இருந்ததா என்று கேட்கிறார்.

இருந்தது. 1990களில் பெரம்பூரில் வளர்ந்து, பள்ளிக்கூட நாட்களில் அந்த மேட்சுகளைப் பார்த்தவன் நான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அந்த வங்கி விஷயம். கல்கத்தாவில் மோகன் பகான் 1889லேயே தொடங்கியது. உறுப்பினர் சந்தா, சொந்த மைதானம், பரம்பரை பரம்பரையாக வரும் ரசிகர்கள் என்று அது ஒரு உலகம். கோவாவில் சுரங்கத் தொழில் செய்த குடும்பங்கள் டெம்போ, சல்கோகர் என்று தங்கள் பெயரிலேயே அணி வைத்தார்கள். மெட்ராஸில் அந்த மாதிரி முதலாளியும் இல்லை, அந்த மாதிரி உறுப்பினர் கூட்டமும் இல்லை. இங்கே இருந்தது வேலை. ரயில்வே, துறைமுகம், மில், வங்கி, மத்திய அரசு ஆபீஸ். ஆகவே இந்த ஊரில் பெரிய அணி என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு ஆபீஸின் அணி. இந்தியன் பாங்க், இந்தியன் ஓவர்சீஸ் பாங்க், ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே, கஸ்டம்ஸ், இன்கம் டாக்ஸ், உணவுக் கழகம். ஏ.ஜி.ஓ.ஆர்.சி. என்று ஒரு அணி உண்டு. அது அண்ணா சாலைப் பக்கம் இருக்கும் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸின் ரிக்ரியேஷன் கிளப். அந்தக் காலத்து லீக் அட்டவணையைப் பார்த்தால் அரசாங்க கெஜட் மாதிரி இருக்கும்.

இது எப்படி நடந்தது என்றால், ஸ்போர்ட்ஸ் கோட்டா. நன்றாக ஆடுகிற பையன், பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்திருந்தால், ட்ரையலுக்குப் போவான். தேறிவிட்டால் ரயில்வேயில் கலாசி, வங்கியில் கிளார்க். காலையில் பிராக்டிஸ், அப்புறம் ஆபீஸ். மேட்ச் நாளில் மதியமே பர்மிஷன். கால் ஓயும் வரை ஆடலாம். கால் ஓய்ந்த பிறகும் அறுபது வயது வரை சம்பளம், அப்புறம் பென்ஷன். வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஒரு வீட்டுப் பிள்ளை ஃபுட்பாலால் பாங்க் வேலைக்குப் போய்விட்டான் என்றால் அந்தத் தெரு முழுக்க அடுத்த நாள் பையன்கள் மைதானத்தில் இருப்பார்கள். டாக்டர், இன்ஜினியர் எல்லாம் யாருக்கும் கண்ணில் படாத விஷயம். கண்ணெதிரே இருந்தது இது ஒன்றுதான். "பந்தைத் தொரத்துனா சோறு போடுமா" என்று கேட்கும் அம்மாக்களுக்கு அங்கே பதில் ரெடியாக இருந்தது.

இதனால் மேட்ச் பார்ப்பதிலும் ஒரு விசித்திரம் வரும். நீங்கள் ஸ்டேடியத்தில் பார்த்து விசிலடித்த ஆள், திங்கட்கிழமை உங்கள் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டிருப்பார். அப்பாவோடு வங்கிக்குப் போன ஒரு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையில் பித்தளை டோக்கன், அதில் நம்பர் செதுக்கியிருக்கும். கம்பி வலைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் முந்தின வாரம் நான் பார்த்த மேட்சில் ஸ்டாப்பர் பேக். நெற்றியில் பிளாஸ்திரி. மேட்சில் ஹெடிங்குக்குப் போய் முட்டிக்கொண்டாரே, அதேதான். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்க, அவர் தலையை நிமிர்த்தாமல் சீல் குத்தி, சலானை இந்தப்பக்கம் தள்ளி, "நெக்ஸ்ட்" என்றார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அன்றைக்கு முழுக்க ஜுரம் வந்த மாதிரி இருந்தது. டிவியில் மரடோனாவைப் பார்த்தவர்கள் உண்டு. மரடோனாவிடம் டோக்கனைக் கொடுத்துப் பணம் வாங்கியவர்கள் எங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?

என்னைக் கூட்டிப் போனவர் மாமா. அம்மாவின் தம்பி. ஐ.சி.எஃப்.பில், ரயில் பெட்டியின் கூட்டைச் செய்யும் ஷெல் டிவிஷனில் வேலை. காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, "டேய், கெளம்பு" என்றால் அன்றைக்கு மேட்ச். பெரம்பூரில் எலக்ட்ரிக் ட்ரெய்ன் ஏறினால் வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ், அப்புறம் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். அந்தப் பெயரில் இருந்த நிஜ மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. நான் பார்த்தது ரயில்வே கட்டிய கட்டடத்தை மட்டும்தான். மாமா ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்தால் பழைய புத்தகம், கிராமபோன், புறா, முயல் என்று அங்கே விற்றதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். ரிப்பன் பில்டிங்கைத் தாண்டினால் ஸ்டேடியத்தின் கூரை தெரியும். பெரியமேடு பக்கம் தோல் மண்டிகள், சைடன்ஹாம்ஸ் ரோட்டில் விளையாட்டுச் சாமான் கடைகள். கடை வாசலில் வலைப்பையில் பந்துகள் தொங்கும். மாமா அங்கே நிற்க மாட்டார். நின்றால் நான் கேட்பேன் என்று தெரியும்.

அந்த இடத்துக்கும் ஒரு கதை உண்டு, ஃபுட்பால்காரர்கள் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு சொல்லும் கதை. இப்போதைய ஸ்டேடியம் 1993இல் எழும்பியது. அதற்கு முன் அங்கே இருந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 முதல் 1965 வரை மெட்ராஸின் டெஸ்ட் மேட்சுகள் சேப்பாக்கத்தில் நடக்கவில்லை, இங்கேதான் நடந்தன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மங்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்களே, அது இந்த மண்ணில்தான். அந்த சாதனை 2008 வரை நின்றது. கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பிப் போன பிறகு இந்த இடம் எங்களுக்கு மிச்சமானது.

புது ஸ்டேடியத்தில் நான் முதலில் பார்த்தது 1993 நேரு கோப்பை. வெளிநாட்டு அணிகளெல்லாம் வந்தன, கடைசியில் வடகொரியா கோப்பையை வாங்கிக்கொண்டு போனது. எனக்கு அப்போது விளையாட்டு சரியாகப் புரியும் வயசில்லை. வடகொரியாக்காரர்கள் ஓடிக்கொண்டே இருந்தது மட்டும் ஞாபகம். நடக்கவே தெரியாதவர்கள் போல ஓடினார்கள். மாமா சொன்னார், "பாருடா, பந்து இல்லாதவன்தான் அதிகமா ஓடறான்." அன்றிலிருந்து நான் பந்தை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்க்கப் பழகினேன். ஃபுட்பால் பார்க்க எனக்கு யாரும் வேறு பாடம் எடுக்கவில்லை. 1995இல் தெற்காசியப் போட்டி சென்னையில் நடந்து, ஃபுட்பாலில் இந்தியா தங்கம் வாங்கியபோது எனக்குக் கொஞ்சம் விவரம் வந்திருந்தது.

ஆனால் அதெல்லாம் திருவிழா நாட்கள். நான் சொல்ல வந்தது சாதாரண லீக் மேட்ச். சாயங்காலம் நாலு மணி. டிக்கெட் கிடையாது, அல்லது கேட்க ஆள் கிடையாது. பல ஆயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தில் சில நூறு பேர். எல்லோரும் மேற்குப் பக்க கேலரியில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் சாயும் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். வந்தவர்களில் பாதிப் பேர் ஆடுகிறவர்களின் சொந்தக்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள், அதே தெருக்காரர்கள். கால்வாசிப் பேர் ரிட்டயரான ஆட்டக்காரர்கள். மீதி என்னைப் போன்ற பொடியன்களும், வெயிலுக்கு ஒதுங்கியவர்களும்.

ரிட்டயரான அந்த ஆட்டக்காரர்கள் ஒரு தனி ஜாதி. கையில் மடித்த பேப்பர், பக்கத்தில் குடை, காலில் பழைய அடி. எந்தப் பையன் வந்தாலும் அவன் அப்பாவோ சித்தப்பாவோ இதைவிட நன்றாக ஆடினார் என்பார்கள். பாராட்டே வராது. அதிகபட்சம், "பரவால்ல, கால்ல பந்து நிக்குது." அது கிடைத்துவிட்டால் அந்த ஆள் தேறிவிட்டான் என்று அர்த்தம். ரெஃப்ரியைத் திட்டுவதில் மட்டும் தாராளம். "இன்னாப்பா ரெஃப்ரி, கண்ணு வூட்டுல வெச்சிட்டு வந்தியா?" ஸ்டேடியம் காலியாக இருப்பதால் அது மைதானம் முழுக்க எதிரொலிக்கும். ரெஃப்ரி சில சமயம் திரும்பிப் பார்ப்பார். பார்த்தால் அவருக்கும் சிரிப்பு வரும், ஏனென்றால் திட்டியவர் அவருடைய பழைய கேப்டனாக இருக்கும்.

சுண்டல், வேர்க்கடலை, மாங்காய்ப் பத்தை விற்பவர்கள் வருவார்கள். ஹாஃப் டைமில் சேமியா ஐஸ். மாமா எனக்கு வாங்கித் தருவார், தான் பீடி பிடிக்கத் தள்ளிப் போவார். இடைவேளையில் கீழே இறங்கி ஓடுபாதை வரை போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அங்கே நின்றால் பிளேயர்கள் பேசுவது கேட்கும். எலுமிச்சம்பழம் சப்பிக்கொண்டு, ஒருவரை ஒருவர் "மச்சி, லெஃப்ட்டுல ஆளே இல்ல, ஏன் அங்கயே போட்டுக் குத்தற" என்று கடிந்துகொள்வார்கள். இன்னொரு பக்கம் ஒருவர் கூலாக அரியர்ஸ் எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டிருப்பார். நிஜமாகவே கேட்டேன். டி.ஏ. அரியர்ஸ்.

யாருக்கு நாம் ரசிகர் என்பது இங்கே எப்படி முடிவாகும்? கல்கத்தாவில் வீட்டுப் பாரம்பரியம். இங்கே சம்பளம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம். மாமா ஐ.சி.எஃப். என்பதில் சந்தேகமே கிடையாது. அவர்களுடைய லெஃப்ட் அவுட் அவருக்கு ஒரே டிவிஷன். நானோ இந்தியன் பாங்க். அதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை, அவர்கள்தான் அப்போது நன்றாக ஆடினார்கள், சிறுவர்கள் எப்போதும் ஜெயிக்கிற பக்கம்தான் சாய்வார்கள். இரண்டு அணியும் மோதினால் போகும்போது ட்ரெய்னிலேயே மாமா பேசமாட்டார். ஐ.சி.எஃப். தோற்றால் திரும்பும்போதும் பேசமாட்டார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "ஒங்க பாங்க்குக்கு வெளியூர் பசங்க, எங்களுதுல எல்லாம் நம்ம ஏரியா" என்று ஒரு வரி மட்டும் வரும். முழு உண்மை இல்லை, முழுப் பொய்யும் இல்லை.

இந்தியன் பாங்க் அணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் சீனியர் சொன்னது அநேகமாக அவர்களைத்தான். சையத் சபீர் பாஷா அங்கே ஆடியவர். இந்தியாவுக்கும் ஆடியவர். பின்னால் ஐ.எஸ்.எல்.லில் ஆடும் நம்ம ஊர் அணியான சென்னையின் எஃப்.சி.யில் துணைப் பயிற்சியாளராக இருந்தாரே, அவரேதான். 1996-97இல் தேசிய ஃபுட்பால் லீக் முதன்முதலாகத் தொடங்கியபோது அதில் இடம்பெற்ற அணிகளில் இந்தியன் பாங்க் ஒன்று. ஜே.சி.டி., ஈஸ்ட் பெங்கால், சர்ச்சில் பிரதர்ஸ் இருந்த வரிசையில் நம்ம ஊர் வங்கி. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 1995-96இல் அந்த வங்கி ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டி நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியில் அடிபட்டது. பேலன்ஸ் ஷீட் படுத்துக் கிடந்த அதே காலத்தில் ஃபுட்பால் டீம் தேசிய லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. கேலரியில் யாரோ சொன்னார், "பாங்க்ல உருப்படியா ஓடறது இந்தப் பதினோரு பேர்தான்."

தேசிய லீக் வந்த பிறகு ஸ்டேடியத்தின் முகம் மாறியது. கல்கத்தா அணிகள் வந்தால் பெங்காலிகள் வருவார்கள். சென்னையில் இவ்வளவு பெங்காலிகள் இருக்கிறார்கள் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். எஃப்.சி. கொச்சின் வந்தால் கேட்கவே வேண்டாம். பெரம்பூர், அயனாவரம் பக்கம் ரயில்வேயில் வேலை பார்த்த மலையாளிக் குடும்பங்கள் அப்படியே கிளம்பி வந்துவிடும். அவர்கள் அணியில், இந்தியாவுக்கு ஆடிய கேரள நட்சத்திரம் ஐ.எம். விஜயன் இருந்த காலம். எங்கள் தெருவில் எனக்குப் பக்கத்து வீட்டு அண்ணன், தினமும் "நம்ம பெரம்பூர்" என்று பேசுகிறவர், அன்றைக்கு மட்டும் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு கை காட்டினார். விஜயன் பந்தை வாங்கித் திரும்புவதற்கு முன் ஒரு நொடி நிற்பார். டிஃபெண்டரும் நின்றுவிடுவார். அப்புறம் யார் முதலில் நகர்வது என்பதுதான் கேள்வி. அதைக் கீழே வேலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால், டிவியில் தெரியாத ஒன்று தெரியும்: விஜயன் காலைப் பார்ப்பதே இல்லை, எதிராளியின் முட்டியைப் பார்க்கிறார். முட்டி எந்தப் பக்கம் மடங்குகிறதோ, பந்து மறுபக்கம். மாமாவே ஐ.சி.எஃப்.பை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

சரி, ஸ்டேடியத்தில் இருக்கும் குறையையும் சொல்லிவிட வேண்டும். நடுவில் தடகள ஓடுபாதை. கேலரிக்கும் மைதானத்துக்கும் நடுவே அவ்வளவு தூரம். கூட்டம் கம்மியாக இருந்தால் ஆட்டத்தின் சூடு மேலே ஏறாது. அந்தச் சூடு வேண்டுமென்றால் வியாசர்பாடி முல்லை நகர் மாதிரி மைதானங்களுக்குப் போகவேண்டும். அங்கே சுண்ணாம்புக் கோட்டின் மேல்தான் உங்கள் கால் விரல் இருக்கும். விங்கர் ஓடி வந்தால் கூட்டம் ஒரு அடி பின்வாங்கி, அவர் போனதும் மறுபடி முன்னால் வரும். புல் என்று பெயருக்கு நாலு திட்டு, மீதி மண். மழை பெய்தால் குட்டை. ஃபைவ்ஸ், செவன்ஸ் டோர்னமென்ட்டுகள் லைட் போட்டு ராத்திரி வரை நடக்கும். மைக்கில் ஒருவர் கமென்ட்ரி கொடுப்பார். பாதி கமென்ட்ரி, பாதி டோனர்களுக்கு நன்றி. ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. நிஜப் பெயர் அவர்கள் அம்மாவுக்குத்தான் தெரியும். அன்றைக்கு லீக்கில் ஆபீஸ் ஜெர்சியில் ஆடியவர் இங்கே தன் தெரு அணிக்காக வேறு பெயரில் ஆடிக்கொண்டிருப்பார். ஆபீஸுக்குத் தெரிந்தால் வம்பு. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

வியாசர்பாடியை ஏன் குட்டி பிரேசில் என்கிறார்கள் என்று பேப்பரில் அடிக்கடி கட்டுரை வரும். ஏழ்மை, அதிலிருந்து எழுந்து வந்தது என்ற கோணத்தில்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். அது உண்மைதான், ஆனால் எனக்கு அதில் பாதி விடுபட்ட மாதிரி இருக்கும். சுற்றிலும் ரயில்வே ஒர்க்ஷாப், ஐ.சி.எஃப்., பின்னி மில் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்த பகுதி அது. ஒர்க்ஷாப்புக்கு ஒரு அணி, இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு மைதானம், ஆங்கிலோ இந்தியர்கள் பெரம்பூரில் விட்டுப் போன பந்துப் பழக்கம், இதெல்லாம் பல தலைமுறையாக அங்கே ஊறியது. தொழிற்சாலைச் சங்கு ஒலித்த இடத்தில் பந்தும் உருண்டது. 1990களின் கடைசியில் அங்கேயே வளர்ந்த இளைஞர்கள் சிலர் சேர்ந்து குழந்தைகளுக்குப் பயிற்சியும் படிப்பும் கொடுக்கும் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் பிறகு வந்தவர்கள்தான், பின்னால் சென்னையின் எஃப்.சி.க்கு ஆடிய தனபால் கணேஷ் மாதிரியானவர்கள்.

அப்புறம் எல்லாம் எங்கே போனது? ஒரே நாளில் போகவில்லை. பின்னி மில் 1996இல் மூடப்பட்டது. வங்கிகளில் 2000, 2001 வாக்கில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது; ஆளைக் குறைக்கிற இடத்தில் ஃபார்வர்டு ஆட ஆளெடுப்பார்களா? ஸ்போர்ட்ஸ் கோட்டா பெயரளவில் இருந்தாலும் புதிதாக எடுப்பது மெலிந்தது. அணிகள் வயதாகிக்கொண்டே போயின. இருபத்தைந்து வயதில் பார்த்த அதே லெஃப்ட் பேக்கை முப்பத்தைந்திலும் பார்த்தோம், மூச்சு வாங்கியபடி. இந்தியன் பாங்க் 2003-04 தேசிய லீக்கில் கடைசி இடத்தில் முடிந்து இறங்கியது. அதற்குப் பிறகு நாட்டின் முதல் வரிசையில் தமிழ்நாட்டு அணி என்று ஒன்று பத்து வருடம் இல்லை. தேசிய லீக் 2007இல் ஐ லீக் ஆனது. கிளப் என்றால் தனி நிறுவனமாக, முழுநேரத் தொழிலாக இருக்கவேண்டும் என்று ஆசிய ஃபுட்பால் கூட்டமைப்பின் விதிகள் இறுக ஆரம்பித்தன. 2013இல் ஏர் இந்தியா, ஓ.என்.ஜி.சி. அணிகளே அதனால் வெளியே போக வேண்டியதாயிற்று. ஆபீஸ் அணி என்ற ஏற்பாட்டுக்கே கதவு சாத்தப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் என் கருத்தைக் கேட்டால், அந்தக் கதவைச் சாத்தியது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆபீஸ் அணி ஆட்டக்காரனுக்கு வாழ்க்கை கொடுத்தது, ஆட்டத்துக்கு அவ்வளவாக எதுவும் கொடுக்கவில்லை. வேலை கிடைத்த நாளே பலருக்கு லட்சியம் முடிந்த நாள். கல்கத்தாவுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று துணிந்தவர்கள் கொஞ்சம் பேர். ராமன் விஜயன் அப்படிப் போய்ப் பெயர் எடுத்தவர். மற்றவர்கள் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அடங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, வீட்டில் ஆறு பேர் சாப்பிட வேண்டும். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியைத் தமிழ்நாடு ஒருமுறைகூட வென்றதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆனால் இன்னொரு பக்கம், முட்டி போன இருபத்தெட்டு வயது ஆட்டக்காரன் இன்றைக்கு என்ன செய்கிறான்? டெலிவரி வண்டி ஓட்டுகிறவர்களில் சிலரை எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர்களுக்கு ஒரு மேசையும் நாற்காலியும் இருந்திருக்கும்.

சென்னையில் ஆபீஸ் சாராத கிளப்களே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று ஒன்று தொடங்கியது. உள்ளூர் லீக்கில் பல்லாண்டு ஆடி, பின்னால் பெயர் மாறி, கைமாறி, சென்னை சிட்டி எஃப்.சி. ஆகி, 2016-17இல் ஐ லீக்குக்குள் நுழைந்தது. 2018-19இல் ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசத்தில் பின்னுக்குத் தள்ளி ஐ லீக் சாம்பியனே ஆனது. ஆனால் பாருங்கள், பெயரில் சென்னை, ஹோம் கிரவுண்ட் கோயம்புத்தூர். கடைசி மேட்சில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்துக் கோப்பை வாங்கியதை நாங்கள் இங்கே போனில் பார்த்தோம். பெரம்பூர்க்காரர்கள் இன்னும் அதை மன்னிக்கவில்லை.

சென்னையின் எஃப்.சி. பற்றி உங்களுக்கே தெரியும், நான் நிறையச் சொல்ல வேண்டாம். 2014இல் தொடங்கி, மெட்டராஸி பயிற்சியில் 2015இலும், ஜான் கிரிகரி பயிற்சியில் 2017-18லும் கோப்பை. 2015 டிசம்பரில் ஊரே வெள்ளத்தில் கிடந்தபோது சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடி, கல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். கரன்ட் வந்தும் வராமலும் இருந்த வீட்டில், மாமா அதைப் பார்த்தார். அப்போது அவர் ரிட்டயராகியிருந்தார். புது அணி பிடித்ததா என்று கேட்டேன். "நல்லா ஆடறானுங்க. ஆனா இவனுங்கள்ல ஒருத்தனையும் நான் பஸ்ஸுல பார்த்ததில்லையே" என்றார். தனபால் கணேஷ் நடுவில் ஆடுகிற நாட்களில் மட்டும் அந்தப் புகார் இருக்காது. நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பை டெர்பியில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகான் மேல் போட்ட கோலை என் போனில் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். சென்னைப் பையன் கல்கத்தாவை நிறுத்தி வைத்துவிட்டான் என்பதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

ஆக, உங்கள் சீனியர் கதை விடவில்லை. அவரிடம் எந்த பாங்க், எந்த வருஷம் என்று கேளுங்கள், அதற்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஒதுக்கிக்கொண்டு கேளுங்கள்.

மகனுக்கு அந்தப் பழைய ருசியைக் காட்ட வேண்டும் என்றால் ஐ.எஸ்.எல். மட்டும் போதாது. சென்னை ஃபுட்பால் அசோசியேஷன் நடத்தும் சீனியர் டிவிஷன் லீக் இருக்கிறது. அதில் இன்றைக்கும் ஆபீஸ் ஜெர்சிகளைப் பார்க்கலாம். மைதானம் அவ்வப்போது மாறும், முன்கூட்டியே விசாரித்துப் போங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் எந்த மைதானத்துக்கு வேண்டுமானாலும் போகலாம். ஏழு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், வெயில் ஏறினால் பெரிய பையன்கள் கிளம்பிவிடுவார்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், கையில் சில்லறை. கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் மட்டும் நிற்க விடாதீர்கள். பல இடங்களில் வலை கிடையாது, அடிக்கிற அடி நேராக வரும். கார்னர் கொடிப் பக்கம் நின்றால் எல்லாம் தெரியும், திட்டுவதும் நன்றாகக் கேட்கும். பையன் புதிய வார்த்தைகள் சிலவற்றைக் கற்றுக்கொண்டு வந்தால் அவன் அம்மாவிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள்.